பாறை வளைவு வீடு

எங்கள் ரோட்டுக்கு மாவட்டக் கணக்கில் ஒரு எண் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை, கல்குவாரி ரோடு என்றால்தான் தெரியும். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கிளம்பி, மர அறுவை மில்லைத் தாண்டி, நான் ஆட்டோ நிறுத்தும் பிரிவுக்கு வந்து இரண்டாகப் பிரியும். ஒன்று ஊருக்குள் போகும். இன்னொன்று ஓடைப் பாலம் ஏறி, பெரிய பாறை ஒன்றைச் சுற்றி வளைந்து, குவாரி வாசலில் போய் முட்டி நிற்கும். அந்த வளைவை எந்த இன்ஜினியரும் திட்டம் போட்டு வளைக்கவில்லை. பாறைக்கு வெடி வைத்துப் பார்த்தார்கள், அது அசையவில்லை, ரோடு ஒதுங்கிக்கொண்டது. இதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

பாறைக்கு நேர் எதிரே, ரோட்டை ஒட்டி நிற்கும் ஒரே வீடு தார் அக்காவுடையது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு வீடே கிடையாது.

முதலில் அது கல் வண்டிகள் போன தடம். பிறகு குவாரிக்காரர்கள் சரளை கொட்டினார்கள். லாரிகள் பெருகியதும் மாவட்டம் ரோட்டை எடுத்துக்கொண்டு தார் போட்டது. அந்தத் தார் வேலைக்கு வந்த கூட்டத்தில்தான் அக்கா வந்தாள். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற தாரை வாளியில் ஏந்தி ஊற்றுகிற வேலை. ஒருநாள் சிவப்புக் கொடியை மதிக்காமல் ஒரு லாரிக்காரர் ஈரத் தாரில் வண்டியை விட்டுவிட்டார். அக்கா காலி வாளியைத் தூக்கி அவர் கண்ணாடி மேலேயே எறிந்தாள். கண்ணாடி போனது. மனுஷன் சண்டைக்கு இறங்கியவர், அடுத்த வாரம் பெண் கேட்டு வந்து நின்றார். "வாளிக்குத் தப்பினவர், வாழ்க்கைக்கு மாட்டிக்கிட்டார்" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

அந்த வீடு முதலில் வீடே இல்லை. தார் டின்னும் மண்வெட்டியும் போட்டுவைத்த தகரக் கொட்டகை. வேலை முடிந்ததும் மேஸ்திரி சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். இலாகாவில் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சுவர் எழுப்பினார்கள், அடுப்படி கட்டினார்கள், ஜன்னல் வைத்தார்கள். குழந்தை குட்டி இல்லை. அந்தச் சுவர்தான் அவர்கள் சேர்த்தது எல்லாம்.

பிறகு குவாரியில் ஊற்று உடைத்துக்கொண்டு தண்ணீர் நிரம்பியது. குவாரியை மூடினார்கள், லாரிகள் நின்றன. லாரிக்காரர் எங்கெங்கோ போய் ஓட்டினார். கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, கால் வீங்கி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும், ரத்தத்தைச் சுத்தம் செய்து மாலையில் கொண்டுவந்து விடும். அந்த வேன் வருகிற வரைக்கும்தான் அவர் உயிர். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். வேன் சற்றுத் தாமதமானாலும் அவள் பாலத்தடியில் போய் நின்றுவிடுவாள்.

ஊருக்குள் ஒரு அறை பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தாயிற்று. நானே கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். வீட்டுக்காரர்கள் அக்காவிடம் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறவரின் காலைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும். வீட்டில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் யார் குடி வருவார்கள் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல எனக்கு இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ரோட்டு மேஸ்திரி ஒருநாள் வந்து தலையில் கல்லைப் போட்டார். வண்டி ஓடாத ரோடுகளை மாவட்டம் பராமரிப்பிலிருந்து எடுத்துவிடப் போகிறதாம். ஓடைப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது, அதைச் சரி செய்யாமல் இரண்டு பக்கமும் சுவர் வைத்து மூடிவிடுவார்களாம். பாலத்தை மூடினால் வேனும் இல்லை, என் ஆட்டோவும் இல்லை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்க வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் வண்டிகளை எண்ணிப் பார்ப்பார்கள் என்றும் மேஸ்திரி சொன்னார். சொன்னபடியே இரண்டு பேர் என் ஆட்டோ நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாலம் பக்கம் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. ஆஸ்பத்திரி வேனை விட்டால் போகிற வண்டிதான் இல்லை. இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஊருக்குள் இறங்கினாள். பார்த்தவர் காலில் எல்லாம் விழாத குறை. ஒரே ஒரு தடவை குவாரி வரைக்கும் போய்த் திரும்பி வாருங்கள், போதும் என்றாள். பால்காரர் போனார். மில் டெம்போ போனது. டீச்சரம்மா ஸ்கூட்டரில் போனார். நான் வெறும் ஆட்டோவை எத்தனை முறை விட்டேன் என்று எனக்கே தெரியாது. எண்ணுகிறவர்களில் மூத்தவர், "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறது, பார்க்க வேண்டிய காட்சி என்று கூசாமல் சொன்னேன். அவர் அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. பைக்கெல்லாம் பெரிதாகக் கணக்கில் ஏறாது, லாரி போனால்தான் எடை கூடும் என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

லாரிக்காரர் படுத்துக்கொண்டே தன் பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டார். வந்தார்கள். காலி லாரிகள் பாலத்தில் உருண்டு, பாறையைச் சுற்றி, குவாரி வாசலில் திரும்பி வந்தன. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். ஒவ்வொரு ஹாரனுக்கும் அது யாருடைய வண்டி என்று பார்க்காமலே சொன்னார். அக்கா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே லாரிகளுக்கு வழிகாட்டினாள். அந்த வாரம் அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

முடிவு வந்தது. ரோட்டைக் கைவிடவில்லை, பாலத்தைப் புதுசாகவே கட்டப் போகிறார்கள். எல்லோருமாகப் பிரிவில் நின்று டீ குடித்தோம்.

பிறகு டேப்பும் சிவப்புப் பெயின்ட்டுமாக ஆட்கள் வந்தார்கள். கனரக வண்டிகள் இவ்வளவு ஓடுகிற ரோட்டில் இப்படி ஒரு வளைவு ஆபத்தாம், அகலப்படுத்தித்தான் ஆக வேண்டுமாம். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் அக்காவின் வீடு. அடுப்படியையும் தாண்டிப் பின்சுவரில் பெயின்ட் கோடு போட்டார்கள், அதுவரைக்கும் இடிப்பார்களாம். நிலம் இலாகாவுடையது, பட்டா இல்லை, அதனால் மாற்று வீடும் கிடையாது. பாறை அன்றைக்கும் ஒதுங்கவில்லை, இன்றைக்கும் ஒதுங்கவில்லை. யாரைத் திட்டுவது? லாரியை வரவழைத்ததே நாங்கள்தானே.

அக்கா ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் அவரைச் சீக்கிரமாகவே விட்டுவிட்டார்கள், அதனால் வேனுக்குக் காத்திராமல் நானே இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவரை ஆட்டோவிலேயே சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

இன்ஜினியர் நடுவயதுப் பெண். கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், அக்கா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் நமக்குள்ள பேசினதாவே இருக்கட்டும்மா. இப்ப கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. அந்த லாரிக் கணக்கு பொய்யின்னு நீங்க சொன்னா, இடிக்கறதை இன்னைக்கே நிறுத்திடுவேன். ஆனா கணக்கு போச்சுன்னா ரோடும் போச்சு. பாலத்தை மூடிடுவாங்க. அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீடு இருந்தால் வேன் வராது. வேன் வந்தால் வீடு இருக்காது. ஜன்னல் வழியாக ஆட்டோ தெரிந்தது, அதில் நீட்டியிருந்த அவர் கால் தெரிந்தது. அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரிதாங்க மேடம்," என்றாள். "லாரியெல்லாம் வந்துச்சு. நானே பார்த்தேன்."

"அப்ப வீடு என்னம்மா ஆகும்?"

"இடிச்சிக்குங்க. நாங்க பாறை ஓரமா ஒரு தகரத்தைச் சாய்ச்சு இருந்துக்கறோம். பாலத்தை மட்டும் கெட்டியா கட்டிடுங்க."

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சும்மா இரு என்று கையைக் காட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறி அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. வேன் நிக்காது, எப்பவும்போல வரும்."

பெயின்ட் கோட்டை அவரும் பார்த்தவர்தானே.

"வேன் எங்க வரும்?" என்றார்.

அக்கா அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முதுகைத் தட்டி, "வண்டிய எடு தம்பி," என்றாள். எடுத்தேன்.