தோத்தவன் ஆடு பாக்கணும்

இது நடந்தது. நான் சொன்ன மற்றக் கதைகளைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் பொய் என்பார்கள். நானும் மறுக்கமாட்டேன். காட்டுப்பன்றிக்கு முகச்சவரம் செய்துவிட்டது பொய்தான். ஆனால் இது நடந்தது. சாட்சிக்கு என் இடது கை இருக்கிறது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் எங்கள் மலைக்கு வந்ததில்லை. எனக்கு வந்தது பிற்பகல் மூன்றரை மணிக்கு. அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அன்று வனத்து அந்தோணியார் திருநாள். சார்டீனியாத் தீவில், எங்கள் நடுமலை ஊர்களில், ஜனவரிக் குளிரில் மலைபோல விறகை அடுக்கி நெருப்பு வைக்கும் நாள். ஊரே விறகு சுமந்துகொண்டிருந்தது. நான் மட்டும் தும்பராவுக்குக் கிளம்பினேன். தும்பரா, மலையுச்சியில் கூரை இடிந்துபோன ஒரு பெரிய குகை. அதற்குள் எந்தக் காலத்திலோ யாரோ கட்டி வாழ்ந்த கல்வீடுகளின் மிச்சம் நிற்கிறது. அதற்கு நான்தான் காவல்காரன்.

அடிவாரம்வரை, ஊரில் ஜீப் ஓட்டும் மிகேலி கொண்டுவிட்டான்.

"மாமா, இன்னிக்கு எவன் வரப்போறான் அங்க? பேசாம நெருப்புகிட்ட வந்து ஒக்காருங்க."

"ராத்திரி அடிச்ச காத்துல சுவத்துக் கல்லு விழுந்திருக்கும். பாத்துட்டு வர்றேன்."

"ஆமா, மூவாயிரம் வருஷமா நிக்கிற சுவரு. ஒங்களக் காணோம்னு அழுவுதாக்கும்."

"ஒன் மாமியா அழுவுறதுக்கு அது தேவல."

அவன் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தான். "அஞ்சு மணிக்கு இங்க நிப்பேன். மேகம் இறங்கிட்டா பாதை தெரியாது. அப்புறம் அந்தக் கல்லோட கல்லா ஒங்களையும் டிக்கெட் போட்டுத்தான் காட்டணும்."

கல் விழுந்தது ஒரு சாக்கு. என் மனைவி லெனார்தா இறந்தபிறகு எனக்குத் திருநாள் ஒத்துக்கொள்வதில்லை. நெருப்பைச் சுற்றி எல்லோரும் "பாக்கிஸ், இங்க வா, இங்க ஒக்காரு" என்பார்கள். அந்த அன்பைத்தான் தாங்க முடியாது. மலையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று நினைத்தேன்.

இங்கே முர்ராவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு கையை வீசி விரல்களை நீட்டவேண்டும். வீசும்போதே, இரண்டு கையும் சேர்ந்து எத்தனை விரல் என்று கூவவேண்டும். சரியாகச் சொன்னவனுக்கு ஒரு புள்ளி. பதினாறு எடுத்தவன் ஜெயித்தான். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை நடக்கப் பழகுமுன் இதைப் பழகிவிடுவான். பெண்கள் ஆடக்கூடாது என்பது ஊர் வழக்கம். என்னை ஜெயிக்கக்கூடாது என்பது என் வழக்கம். லெனார்தா கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் மீறுவாள்.

ஊரில் ஆடாத ஆண் ஒருவர்தான். என் அப்பா கவினு. முர்ராச் சத்தம் கேட்டாலே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கேட்டால், காதுவலி என்பார்.

சரி. குகைக்குள் ஒரு கல்லும் விழுந்திருக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியை ஒடித்து, ஆட்டுப் பாலாடைக்கட்டியைச் சீவிவைத்துச் சாப்பிட்டேன். ஒயின் இரண்டு குவளை. மூன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரொட்டியை ஒடிக்கும் சத்தம் அவ்வளவு பெரியதாகக் கேட்டது. அந்த அளவுக்கு வேறு சத்தமே இல்லை.

ஆட ஆள் வேண்டுமே. வலது கை நான். இடது கை லெனார்தா. வீட்டில் பல நாள் அப்படி ஆடியிருக்கிறேன், வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு. குகைக்குள் கத்தக்கூடாது, கல் உருளும் என்று பலகை எழுதி வைத்தவனே நான்தான். ஆனால் அன்று கண்டிக்க யார் இருக்கிறார்கள்?

மேய்ப்பர்கள் ஆட்டத்துக்குமுன் ஒன்று சொல்வார்கள். மந்தையோடு மலையில் இருக்கும்போது திருநாள் வந்தால், ஒருவன்தான் ஊருக்கு இறங்க முடியும். அதை முர்ரா தீர்மானிக்கும். பழக்கத்தில் அதையே நானும் உரக்கச் சொன்னேன்.

"தோத்தவன் ஆடு பாக்கணும்!"

கைகளை வீசினேன். "அஞ்சு!"

வலதில் நாலு. இடதில் இரண்டு. தவறு.

குகை எதிரொலித்தது.

"...ஆறு."

சிரித்துவிட்டேன். வயதானால் காது தன் இஷ்டத்துக்குக் கேட்கும். மறுபடி வீசினேன். "ஏழு!"

"...அஞ்சு."

விரல்களை எண்ணினேன். ஐந்து.

ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. குகை வாயில் வெள்ளையாகிவிட்டிருந்தது. மேகம் இறங்கிவிட்டது.

எழுந்து போயிருக்கலாமே என்பீர்கள். முர்ராவைப் பாதியில் விட்டவன் தோற்றவன். தோற்றவன் இங்கேயே இருக்கவேண்டும். அந்த விதியை வாயால் சொன்னவன் நான். எழப் பார்த்தேன். முழங்கால் விதியை மதித்தது.

ஆடினோம். 'ஆடினோம்' என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. முதலில் அந்தக் குரல் எனக்குப் பின்னால் வந்தது, எதிரொலி வருகிற மாதிரி. பிறகு என்னோடு சேர்ந்து வந்தது. பிறகு, எனக்கு ஒரு மூச்சு முன்னால்.

"நாலு."

"ஆறு!"

"ஏழு."

"அஞ்சு!"

எட்டுக்கு மேல் அது கூவவேயில்லை. அது ஏன் என்று என் இடது கையைப் பார்த்தபோது புரிந்தது. அந்தக் கை மூன்று விரலுக்கு மேல் நீட்டவில்லை; என் ஐந்தோடு சேர்த்தால் எட்டு. கடைசி இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தன. நான் மடக்கவில்லை. நிமிர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. வலது கையால் பிடித்து இழுத்தேன்... கல்லை இழுப்பதுபோல் இருந்தது.

"லெனார்தா?" என்றேன்.



ஆட்டம் நின்றிருந்தது. அது காத்திருந்தது. எனக்குப் பழக்கமான காத்திருப்பு அது. சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கும் அதே இருப்பு. பயத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது.

வீசினேன்.

அதற்குப் பதினைந்து. எனக்குப் பதினைந்து.

உள்ளே, தூரத்தில்... ஒரு ஆட்டுமணி.

ஒரு தரம்.

எங்கள் மலையில் இப்போதெல்லாம் அந்த உயரத்துக்குக் குளிர்காலத்தில் ஆடு ஏற்றுவதில்லை.

கடைசி வீச்சு. விரல் குறைந்தவன் இருப்பதையெல்லாம் நீட்டுவான். மூன்று. நான் இரண்டை நீட்டினேன்.

"நாலு," என்றது அது, காதருகே.

"அஞ்சு!"

இடது கையில் மூன்று. ஐந்து.

விரல் குறைந்தவனை ஜெயிப்பதில் பெருமையில்லை. அன்று எனக்குப் பெருமை வேண்டியிருக்கவில்லை.

இப்போது முழங்கால் எழ விட்டது. பையை எடுத்தேனா இல்லையா தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு குகை வாயிலுக்கு வந்தேன். அங்கேதான் ஒரு தவறைச் செய்தேன். எங்கள் ஊரில் யாரும் 'போகிறேன்' என்று மட்டும் சொல்லி ஓரிடத்தைவிட்டுப் போகமாட்டார்கள். நாக்கில் ஊறிய வார்த்தை. குகைக்குள் திரும்பிச் சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வர்றேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. இந்தத் தரம் எண் இல்லை.

"அவனும் இதத்தான் சொன்னான்."

எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். மிகேலி என்னைப் பார்த்ததும் இறங்கிவந்து ஜீப் கதவைத் திறந்துவிட்டான். கிண்டல் செய்யவில்லை. என்னைப் பார்த்து அவன் கிண்டல் செய்யாத ஒரே தரம் அது.

அடுத்த வாரம் அக்கா கிராஸ்ஸியா வீட்டுக்குப் போனேன். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். நான் சொல்வதை எப்போதும் பாதியில் வெட்டுவாள். அன்று கடைசிவரை கேட்டாள்.

"கையக் காட்டு."

காட்டினேன். இரண்டு விரலும் மடங்கியே இருந்தன. டாக்டர் நரம்பு என்று சொல்லியிருந்தார்.

"நரம்புமில்ல, நாருமில்ல," என்றாள். "இஸ்தேவெனே."

"யாரு அது?"

"நீ பொறக்குறதுக்கு முந்தி. நம்ம அப்பாவோட ஆடு மேய்ச்சவன். இடது கைக்காரன். அந்தக் கையில கடைசி ரெண்டு வெரலும் பொறியில போயிடுச்சு. அந்தோணியார் திருநாளுக்கு யாரு இறங்குறதுன்னு தும்பராவுல முர்ரா ஆடுனாங்க. அப்பா ஜெயிச்சாரு."

"அப்புறம்?"

"இங்க வந்தாரு. குடிச்சாரு, ஆடுனாரு, தூங்குனாரு. மறுநா பனி விழுந்துச்சு. நாலு நாளு எவனும் ஏற முடியல."

"ஏன் எனக்கு எவனும் சொல்லல?"

"ஒன் வீட்டுக் கதைய ஒன் வீட்டு வாசல்ல வந்து எவன்டா சொல்லுவான், பைத்தியக்காரா?"

ஆடுகள் எல்லாம் உயிரோடு இருந்தனவாம். ஒன்றுகூடக் குறையவில்லை. இஸ்தேவெனே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் ரொட்டி தின்ற அதே சுவர். உறைந்த கை முன்னால் நீண்டிருந்தது. எதிரே யாரோ இருப்பதுபோல. மூன்று விரல்.

 பிறகு கேட்டேன்.

"இறங்கறப்ப அப்பா என்ன சொல்லிட்டு வந்தாராம்?"

அக்கா என்னை எரிச்சலோடு பார்த்தாள்.

"இது என்ன கேள்வி? எல்லாரும் என்ன சொல்லுவாங்களோ அதான். 'போயிட்டு வர்றேன்'னு."

காவல் வேலையை விட்டுவிட்டேன். மலைப்பக்கத்து ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டேன். மேகம் இறங்கும் நாள்களில் பிற்பகல் மூன்றரைக்கு, மேலே யாரோ ஒரு எண்ணைக் கூவுகிறார்கள். எட்டுக்கு மேல் போவதில்லை. கூவிவிட்டு, ஒரு கை வீசும் நேரம் காத்திருக்கிறார்கள்.

நான் பதில் சொல்வதில்லை. கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொள்கிறேன்.

பைக்குள்... இடது கை மூன்று விரலை நீட்டுகிறது.