குட்டை மீனும் வெயில் க்ரீமும்

எனக்கு வெயில் ஆகாது. நன்னிலம் பக்கத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூட வேலையும் பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். லூபஸ் என்று தஞ்சாவூர் டாக்டர் பெயர் வைத்த பிறகும் அதை ஆளாளுக்கு விளக்கும் பொறுமை எனக்கு வரவில்லை. வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை சிறுநீரகம் வரை போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மாத்திரையோடு சன்ஸ்கிரீனும் தினம் பூச வேண்டும், மழை நாளிலும் விடக் கூடாது என்பது உத்தரவு. முகம், கழுத்து, கை என்று வெள்ளையாகப் பூசிக்கொண்டு காலைப் பிரேயரில் நிற்பேன்.

"இன்னைக்கு மாவு கொஞ்சம் தூக்கலா இருக்கே டீச்சர்" என்பார் கணக்கு வாத்தியார்.

"உங்க வீட்டு இட்லிக்கு அனுப்பட்டுமா சார்?" என்று ஒரு நாள் கேட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டார்.

பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலை குளியல். அழுத்தித் தேய்த்தால்தான் அந்தப் பிசுக்கு போகும். எங்கள் பக்கத்தில் குளித்த தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. எங்கள் வீட்டிலும் அது சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும்; வாழை குடித்தது போக மிச்சம் கொல்லைக் குட்டையில் விழும். ஆற்றில் தண்ணீர் வந்து குட்டை நிறைந்ததும் என் கணவர் கெண்டைக் குஞ்சு வாங்கி விடுவார். தொழில் விவசாயம் என்றாலும் அவருக்குச் செல்லம் அந்தக் குட்டைதான். கடை மீனை வீட்டுக்குள் விட மாட்டார்.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகித் தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்கிறாள். நாம் உடம்பில் பூசிக் கழுவுகிற சாமான்கள் திருவையாற்றுப் படித்துறை மீன்களுக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் இறங்கிக் குளிக்காத சுத்தமான தண்ணீரிலிருந்து மீன் வேண்டியிருந்தது.

"நம்ம குட்டைய விட சுத்தமா எங்க கிடைக்கப் போவுதுப்பா?" என்று சொல்லி, ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் நாலைந்து கெண்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. நம்ம மீன் காலேஜுக்குப் போகிறது என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்து அவள் வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். மசக்கையில் வாய்க்குப் பிடித்தது எங்கள் மீன் ஒன்றுதான் என்பதால் வாராவாரம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோம். அன்றும் நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த மீன்ல இருந்துச்சு."

"எது?"

"நீ போடுற க்ரீம்ல இருக்கறது. திருவையாத்து மீன்ல கொஞ்சந்தான். நம்ம மீன்ல அதவிட ஜாஸ்தி. ஆறு ஓடுது, குட்டை நிக்குதுல்ல. கொழுப்புல போய் சேந்துக்குது. லேசுல வெளிய போவாது."

அந்தக் குட்டையில் விழுகிற தண்ணீரில் க்ரீமைக் கழுவுகிறவள் நான் ஒருத்திதான். அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மீதி மீனையும் அரிந்து, மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, குழம்பும் வைத்துவிட்டேன். புளி கரைத்தது நினைவிருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

சாப்பாட்டின்போது அவள் தட்டில் ரசம் ஊற்றினேன். அவள் அப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் க்ரீம விட்டுடறேன்" என்றேன்.

"விட்டுட்டு? திரும்ப ஆஸ்பத்திரில போய் படுக்கவா? மீன் திங்கறத விடுங்க ரெண்டு பேரும். க்ரீம விடாத."

"இருக்கற மீன நாங்க ரெண்டு பேரும் தின்னு தீத்துடறோம்" என்றார் அவர். "எங்களுக்கு இனிமே என்ன ஆயிடப் போவுது."

தன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு எனக்கும் ஊற்றினார். மகள் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் சாப்பிட்டோம். ருசி தெரியவில்லை. சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துப் போய், குட்டைப் பக்கம் வாய்க்காலை அடைத்து, ஒரு குழி வெட்டித் தண்ணீரை அதில் இறங்கவிட்டார். மண்ணுக்குள் போய் அது என்ன ஆகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அவர் வேர்த்து நின்ற நிலையில் கேட்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டுவிட்டேன்.

"கொழந்தைக்கு எதுவும் ஆகுமாடி?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடிக்குள்ளேயே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியலம்மா. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லாதவளாகத்தான் வளர்த்து வைத்திருக்கிறேன்.

பிரேயருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டியூபைப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசினேன். அவள் எழுந்து வந்து என் பின்னால் நின்றாள்.

"காதுக்குப் பின்னால விட்டுட்ட" என்று சொல்லி, டியூபை வாங்கித் தானே பூசிவிட்டாள். பூசி முடிக்கும் வரை அவள் வயிறு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.