நகப்பூச்சுக் கோடு

எங்கள் போர்க்கப்பலில் என் மச்சானுக்கு 'இன்னொருதடவை' என்று பெயர். ஏவுகணைப் பிரிவில் எலக்ட்ரீஷியன். எதை முடுக்கினாலும் இன்னொரு தடவை முடுக்கிப் பார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போவார். பஸ்ஸைத் தவறவிட்ட என் அக்கா என்னைத் திட்டுவாள். இந்த மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னவன் நான்தானே! நானும் அதே கப்பலில் சமையல்காரன்.

கப்பலிலிருந்து ஏவுகணைக்கு மின்சாரமும் உத்தரவும் ஒரு தடித்த பிளக் வழியாகத்தான் போகும். அதை மாட்டி முடுக்கியதும், பிளக்கின் மேலும் ஏவுகணையின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார் மச்சான். பிளக் துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்று கப்பலில் பெயின்ட் உண்டு. உப்புக்காற்றில் உதிர்கிறது என்று அக்காவின் நகப்பூச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கப்பலே சிரித்தது. நானும்தான்.

அன்று காலை ஏவுகணைச் சோதனை. பொத்தானை அழுத்தினார்கள். ஏவுகணை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இப்படி ஆனால் அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. அந்த அரை மணிக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பிளக் சரியாக உட்காரவில்லை, கடைசியாகத் தொட்டவர் மச்சான். ஆயுதப் பிரிவு அதிகாரி அறிக்கைத் தாளில் 'காரணம்' என்ற இடத்தில் மச்சானின் பெயரை எழுதியே விட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு கரும்புள்ளி வாங்காத மனிதர், இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அரை மணி முடிந்திருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார் அதிகாரி. குறுக்கே நின்றார் மச்சான்.

"கழட்டாதீங்க சார். கழட்டிட்டா நான் ஒழுங்கா மாட்டினேனா இல்லையான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. மொதல்ல கோட்டைப் பாருங்க. அப்புறம் மீட்டர் வெச்சுப் பாருங்க."

நகப்பூச்சை நம்பியா கப்பல் ஓடுகிறது என்று அதிகாரி எகிறினார். மச்சான் டார்ச்சைப் பக்கத்தில் நின்ற கேப்டனிடம் நீட்டினார். கேப்டன் குனிந்து பார்த்தார். கோடு முடியளவுகூட விலகவில்லை. மீட்டரும் அதையே சொன்னது. மின்சாரம் பிளக்கைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. ஏவுகணைக்குள் இருந்த பேட்டரிதான் வேலை செய்யவில்லை. அது தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வந்தது, கப்பலில் ஒருவர் கையும் அதில் படாது.

மதியம் இரண்டாவது ஏவுகணை. அதையும் இவரே மாட்டட்டும் என்றார் கேப்டன். மச்சான் முடுக்கினார், மறுபடி முடுக்கினார், கோடு இழுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் கப்பல் குலுங்கி, என் பாத்திர மூடிகளெல்லாம் தரையில் உருண்டன. தூரத்தில் குறியாக நிறுத்தியிருந்த பழைய படகு இரண்டாகப் பிளந்தது. கரண்டியும் கையுமாக நான் துள்ளிக் குதித்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் அதிகாரி அறிக்கையோடு வந்தார். மச்சானின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'பேட்டரி' என்று எழுதியிருந்தார். சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டார். மச்சான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடிச்சதுக்கு அப்புறமும் எம்பேரு படிக்க முடியுது சார். வேற தாள்ல எழுதுங்க."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாளில் முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார்.