மூன்றாம் எண்ணில் இருந்த அழுகை

காது மெஷின் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் அவளைத் தெருவில் எல்லோரும் 'காதுக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நகத்தளவு மெஷினைப் பிரித்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலிடர் வைத்து மூடுவதற்குள் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வீட்டுக் கதை பூராவும் அவள் காதில் விழுந்துவிடும். ஒன்றையும் வெளியே விடமாட்டாள். கைக்குத்தான் அவ்வளவு பொறுமை, வாய்க்குக் கிடையாது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் தயாராக இருக்கும். படுத்த படுக்கையான அம்மாவை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாமே என்று ஒரு சொந்தக்காரர் சொன்னபோது, வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் செருப்பைக் காட்டி அனுப்பினாள். கடைசிவரை அம்மாவைத் தன்னோடுதான் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. ஆபீசில் கணக்கெழுதிவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் ஒரு பெட்டியோடுதான் குடித்தனம். மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயர். தம்பி பெண்டாட்டி வைத்திருக்கும் பெயர் சக்களத்தி. பெட்டி நிறையக் குமிழ்கள், சின்னச் சின்ன விளக்குகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொங்கும் கலர் ஒயர்கள். நடுவில் சாம்ப்ளர் என்று ஒன்று. எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் முழுங்கிக்கொள்ளும். அதில் ஒரு துண்டை நறுக்கி, இழுத்து, தணித்து, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அதுதான் லூப். கதவு, குழாய், பெண்டாட்டியின் தும்மல் என்று கண்டதையும் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து உள்ளே போட்டிருந்தான். பிடித்தது பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கவேண்டும், வேறெங்கும் பிரதி வைக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. பிரதி வைத்துக்கொண்டால் துணிச்சல் போய்விடுமாம்.

மறுநாள் மாலை ஒரு சின்ன அரங்கில் அவன் வாசிப்பதாக இருந்தது. மைக் சொருகும் ஓட்டை ஆடுகிறது என்று அக்காவைக் கூப்பிட்டான். அவளும் வந்தாள். சாம்ப்ளரைக் கழற்றி, விட்டுப்போயிருந்த கம்பிக்காலில் சாலிடர் வைத்து, திரும்ப மாட்டி, சோதித்துப் பார்க்க மைக்கைச் சொருகினாள். அதற்குள் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்கா, நாளைக்கு இதுதான் முக்கியம். கேளு" என்று மூன்றாம் எண்ணைத் தட்டினான்.

அடித்தொண்டையிலிருந்து எழுந்து, நீண்டு, உடைந்து, மறுபடி எழுந்தது ஒரு சத்தம். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமுடியாது. ஆனால் அது உடைவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுபட்டது. அந்த மூச்சு அவளுடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் வந்து அம்மா போய்விட்டாள் என்று சொன்னதும் சுவரில் சாய்ந்து அவள் போட்ட ஓலம். பக்கத்தில் இவன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பாக்கெட்டுக்குள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"நிறுத்து."

ஸ்பீக்கரைத் தணித்தான். "கண்டுபிடிச்சுட்டியா?"

"என் அழுகைடா அது. மேடையில வச்சு விக்கவா எடுத்த?"

"விக்கல. எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு. முன்னாடி கொஞ்சம் வெட்டி, பாதி வேகத்துல விட்டு…"

"அழகா? யார் காதுல பூ சுத்துற? அழிச்சிடு அதை."

"நாளைக்கு நிகழ்ச்சி இருக்குக்கா. அதை எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல."

"கேக்காம எடுத்தது திருட்டு. அழிடா."

எரிச்சலில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாம் எண்ணின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மைக் சொருகியே இருந்தது. அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அந்த எண்ணில் புதிதாக ஒன்றைப் பதிந்தால் பழையது போய்விடும், அவன் திருகி வைத்த வெட்டும் வேகமும் மட்டும் அப்படியே நிற்கும். முன்பு ஒரு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தபோது அவன்தான் வாய் ஓயாமல் இதைச் சொல்லியிருந்தான். தன் அழுகை அழிந்தால் போதும் என்றுதான் அழுத்தினாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். "யாருக்குத் தெரியப் போகுது? குரலே மாறிப்போச்சு." பிறகு அவன் குரல் இறங்கியது. "எனக்கு அழ வரலக்கா. நீ அழுதே, எனக்கு வரல. இன்னிவரைக்கும் வரலக்கா."

அங்கேயே பொத்தானை மறுபடி அழுத்திப் பதிவை நிறுத்தியிருக்கலாம். மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. ஆனால் வராந்தாவில் இவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தானா? அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினாள்.

"ஓட்டை சரியா இருக்கு" என்று சாலிடர் கம்பியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே அக்கா திரும்பிவந்து எதையாவது பிடுங்கிவிடுவாளோ என்று அவன் உடனே பெட்டியைப் பூட்டிவிட்டான்.

மறுநாள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தம்பி கதவையும் குழாயையும் ஓடவிட்டான். கூட்டம் தலையாட்டியது. பிறகு மூன்றாம் எண்ணைத் தட்டினான்.

ஒரு ஆண்குரல், பாதி வேகத்தில், வார்த்தையே புரியாதபடி இழுபட்டு வந்தது. வார்த்தை போனபின் மிஞ்சியது ஒரு விம்மல். சுற்றின் முடிவில் மட்டும் 'க்கா' என்று ஒன்று தொண்டையில் முட்டி நின்றது. மறுபடி விம்மல், மறுபடி 'க்கா'. தம்பியின் கை குமிழ்மேல் அப்படியே நின்றுவிட்டது. நிறுத்தினால் மேடையில் ஒன்றுமில்லை. நிறுத்தாவிட்டால் இவ்வளவு பேருக்கு நடுவில் அழுவது அவன்தான். நிறுத்தாமல் தலைகுனிந்துகொண்டான். பக்கத்து இருக்கைப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மாதிரி செஞ்சிருக்காரு" என்றாள். காதுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் அடங்கியதும் அவன் மேடையிலிருந்து நேராக அவளிடம் வந்தான். முகம் பூராவும் நனைந்திருந்தது.

"அது உன்கிட்ட மட்டும் சொன்னதுக்கா" என்றான். "அதைப் போய் எப்படிக்கா எடுக்க மனசு வந்துச்சு?"

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அவள்.