விரித்து எழுதச் சொன்ன அத்தியாயம்

என் இரண்டாவது நாவல் சித்தியின் சாவைப் பற்றியது. வேற்று மதத்துக்காரரோடு வாழ்ந்தவள் என்று சொல்லி, எங்கள் கடற்கரை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு இடம் மறுத்துவிட்டார்கள். கொட்டும் மழையில் சவப்பெட்டியோடு மாதா கோவில் வாசலில் நின்றோம். கடைசியில் அவள் கணவரின் ஊர்ச் சுடுகாட்டில்தான் எரித்தோம்.

கைப்பிரதியைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து பதிப்பாளர் மின்னஞ்சல் அனுப்பினார். "இப்படி ஒரு புத்தகத்துக்காகத்தான் பதிப்பகம் நடத்துகிறேன், தோழர். கல்லறை அத்தியாயம் மட்டும் போதவில்லை. பயப்படாமல் விரித்து எழுதுங்கள்." எழுதினேன். பெட்டியின் துணி நனைந்து பிய்ந்தது, அம்மா தன் சேலைத் தலைப்பால் அதை மூடியது என்று, மனம் வராமல் விட்டுவைத்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

புத்தகம் வந்ததும் ஊரில் அதைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். பதிப்பகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அதன் பிறகு அவருடைய மின்னஞ்சல்களில் 'தோழர்' போய் 'மேடம்' வந்தது. அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம், முன்பக்கத்தில் மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்றார். மன்னிப்பை அவரே எழுதியும் அனுப்பியிருந்தார். 'அனைத்தும் கற்பனையே' என்று தொடங்கியது அது.

"நீங்கள்தானே விரித்து எழுதச் சொன்னீர்கள்?" என்று கேட்டு எழுதினேன்.

"அது இலக்கிய நோக்கில் சொன்னது. நடைமுறை வேறு, மேடம்."

அம்மா மீன் விற்றுவிட்டு வந்திருந்தாள். புத்தகம் வந்த பிறகு சந்தையில் அவள் பக்கத்தில் உட்கார ஒருத்திக்கும் மனமில்லை. பூசைக்குப் போனாலும் பெஞ்சில் தனியாகத்தான் இருந்தாள். அவளுக்காகவாவது ஒப்புக்கொள்ளலாமா என்று யோசித்து, விஷயத்தைச் சொன்னேன்.

"நீ எழுதுனதுல பொய் உண்டா மக்கா?"

"இல்லம்மா."

"பின்ன என்னத்துக்குட்டி மன்னிப்பு? அவ பெட்டியப் பிடிச்சிட்டு நின்னது நானாக்கும்."

முடியாது என்று எழுதினேன். வடசேரியில் ஒரு புத்தகக் கடையில் விசாரித்தபோதுதான், பிரதிகளைப் பதிப்பாளர் திருப்பி வாங்கிக்கொண்டது தெரிந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து திடீரென்று ஒரு மின்னஞ்சல். "சர்ச்சை அடங்கிவிட்டது. இந்த மாதிரிக் கதைகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு. உங்கள் சித்தியைப் போல வேறு யாராவது இருந்தால் எழுதுங்களேன்."

"முதலில் அவள் புத்தகத்தை முழுசாக அச்சிடுங்கள்" என்று பதில் போட்டேன்.

"பரிசீலிக்கிறோம், மேடம்."

அதே வாரம் ஏதோ கருத்துச் சுதந்திரக் கூட்டத்தில் அவர் பேசும் படத்தை முகநூலில் பார்த்தேன். கையில் என் நாவலை உயர்த்திப் பிடித்திருந்தார். அம்மாவிடம் நான் காட்டவில்லை.