மத்தியானத்தில் வராத யானை

எங்கள் குடும்பத்தில் பயணம் என்றால் கோயில்தான். பழநி, அதை விட்டால் குலதெய்வம். அதனால், பிள்ளைகளோடு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் போகப்போகிறோம் என்று நான் சொன்னதும், மாமியார் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"காட்டுல என்ன சாமி இருக்குது? ஆனை பாக்கோணும்னா கோயல்ல பாத்தாப் போச்சு."

"கோயல் ஆனை சங்கிலியில நிக்குமுங்க அத்தை. உங்க பேத்திக்குக் காட்டுல நடந்து போற ஆனை வேணுமாமா" என்றேன். குரல் உயர்ந்துதான் போனது. எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். அந்த மாதங்களில் யார் நல்லது சொன்னாலும் சுருக்கென்று வந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. பொழுது சாய்ந்தால் வாசற்படியில் தடுக்கி விழுவாள். மாலைக்கண், சத்துக் குறைவு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்துக் கொடுத்து, கிண்ணத்தைக் கண்டாலே அவள் ஓட ஆரம்பித்தாள். கடைசியில் சேலத்துக் கண் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது. பகலில் இப்போதைக்கு நன்றாகத் தெரியும். பிறகு பகலிலும் குறையும். கண்ணாடியோ ஆபரேஷனோ உதவாது.

"சொந்தத்துல கல்யாணமாம்மா?" என்று கேட்டார்.

எடப்பாடியில் எங்கள் ஆட்கள் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். மாமன் மகன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால், அது மாமனை அவமதிப்பது. என் அம்மாவையும் சொந்தத்தில்தான் கொடுத்தார்கள். எனக்கும் மாமன் மகனான என் கணவரைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். எல்லோரும் சந்தோஷமாகச் செய்த ஒரு காரியத்துக்கு இப்படி ஒரு பலன் என்றால், யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

"பாக்க ஆசைப்படறதை எல்லாம் இப்பவே காட்டிடுங்க" என்றார் டாக்டர். பஸ் ஏறுவதற்கு முன்பே அவளைக் கேட்டேன். யானை என்றாள்.

அதற்குப் பிறகு, தறிகளை நிறுத்திவிட்டு என் கணவர் சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். வாடகைக் காரில் பவானி, சத்தியமங்கலம், திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவானது. வளைவுகளில் சின்னவன் வாந்தி எடுப்பான் என்று பழைய துண்டுகளும் எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தேன். அவனுக்கு ஐந்து வயது. புலி வந்தால் காரிலேயே இருக்க வேண்டுமா, இறங்கலாமா என்று தினம் ஒரு முறை கேட்டான்.

பிறகுதான் என் கணவர் காட்டு இலாகாவுக்கு போன் செய்தார். பேசிவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற வண்டி விடியக்காலையிலயும் பொழுது சாயறப்பவும்தான் போகுமாமா. மத்தியானம் போலாமுங்களான்னு கேட்டேன். வெயில்ல மிருகம் வெளிய வராதுங்கறாங்க."

மங்கலான வெளிச்சத்தில் மட்டும் வரும் யானை, மங்கலான வெளிச்சத்தில் எதுவுமே தெரியாத பிள்ளை. அன்று சாமி படத்துக்கு நான் விளக்கேற்றவில்லை. வேண்டுமென்றேதான் ஏற்றவில்லை.

வழி சொன்னது மகள்தான். "தம்பி பக்கத்துல உக்காந்து சொல்லட்டுங்மா. ஆனை எந்தப் பக்கம், என்ன பண்ணுதுன்னு சொன்னா நான் அங்கயே பாத்துட்டு இருப்பேன். கிட்ட வந்தாக் கொஞ்சமாச்சும் தெரியுமில்லீங்?"

சின்னவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்குச் சொல்லும் வேலை அவனுடையது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நால்வரும் ஏரிக்கரைக்குப் போனோம். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. தண்ணீரில் இன்னும் சிவப்பு இருந்தது. கரைக்குக் கீழே, கல்லெறி தூரத்தில் ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது.

மகள் தம்பியின் தோளில் கை வைத்துக்கொண்டாள். "அதுதான் ஆனைன்னு வெச்சுக்கோ" என்றார் என் கணவர். "சொல்லு சாமி, எந்தப் பக்கம் நிக்குது?"

அவன் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான்.

"எதுங்பா?"

"அதா, நேரா பாரு. கருப்பா."

"இருட்டா இருக்குதுங்பா."

விளையாடுகிறான் என்று நினைத்து, "ஒழுங்காச் சொல்லுடா!" என்று அதட்டினேன். எப்படியாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று கையை நீட்டி ஏதோ ஒரு திசையைக் காட்டினான். அங்கே வெறும் கரைதான் இருந்தது.

மகள்தான் எங்களுக்கு முன்னால் புரிந்துகொண்டாள். தோளிலிருந்த கையை எடுத்து அவன் கையைப் பிடித்தாள். "அவன வையாதீங்மா" என்றாள். "எனக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சு."

மகளை என் கணவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சின்னவனை நான் தூக்கிக்கொண்டேன். தான் தப்பாகச் சொன்னதால் காட்டுக்குக் கூட்டிப்போக மாட்டோமா என்று அவன் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தான். போவோம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் தறி ஓட்டாமல் என் கணவர் போனை எடுத்துக் கார்க்காரரிடம் பேசினார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்ல வெயில் நேரத்துல அந்தக் காட்டு ரோட்டுல மெதுவாப் போனாப் போதுமுங்க. ஆனை வராட்டிப் போகுது. மரத்தையாச்சும் பாக்கட்டும் ரெண்டும்."