கரி போடாத தொட்டிக்காரர்

தொட்டியின் மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோலைமுத்து முதலில் மூக்கை நீட்டுகிறார். கண்ணால் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ம்… மண்ணு வாசம், நல்லாருக்கு" என்றால் வீட்டுக்காரர்கள் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். "சோறு கூடிப்போச்சு" என்றால், அந்த வீட்டில் யாரோ மீனுக்கு இட்லி பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். யாரென்று அவர் விசாரிப்பதில்லை. குற்றவாளி எப்படியும் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மோந்து முடிந்ததும் பெரட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஆட்களைக் களத்தில் நிறுத்தித் தலை எண்ணுவதற்கு அப்படிப் பெயர். அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முப்பது வயது வரை அந்தக் களத்தில் நின்றவர் சோலைமுத்து. அந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கொடைக்கானல் மீன்களுக்கு வைத்துவிட்டார். ஆள்காட்டி விரலைக் கண்ணாடிக்கு ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி உதடசைய எண்ணுவார். கண்ணாடியைத் தட்ட மாட்டார், மற்றவர் தட்டினாலும் விட மாட்டார். "எல்லாரும் பெரட்டுக்கு வந்தாச்சுங்க" என்ற பிறகே சட்டைக் கை மடங்கும்.

தீனியிலும் அதே கண்டிப்புதான். தலைக்கு இரண்டு உருண்டை, அதற்கு மேல் ஒரு பொடிகூடக் கிடையாது. உள்ளங்கையில் எண்ணி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுவார். பாவம், பசிக்குமே என்று யாராவது இரக்கப்பட்டால், "பசியில செத்த மீன நான் பாத்ததில்லங்க. தின்னு செத்ததுக எக்கச்சக்கம்" என்று வாயை அடைத்துவிடுவார்.

பட்டன் இரண்டு போன பச்சை ஸ்வெட்டர், தலையில் மப்ளர், தோளில் ஒரு காக்கிப் பை. பைக்குள் ஒரு பாக நீளத்துக்கு ரப்பர் குழாய், பாசி சுரண்டக் காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடு, எனாமல் குவளை, பழைய பனியன் துணி. அடியில் சாக்குத் துணி சுற்றிய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "அது அவசரத்துக்குங்க" என்பதோடு சரி. சிலர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு சிரித்ததும் உண்டு.

நாயுடுபுரத்திலிருந்து மூஞ்சிக்கல் வரை பதினான்கு தொட்டிகள் அவர் பொறுப்பு. இரண்டு ஹோட்டல், ஒரு பல் டாக்டர், மற்றவை வீடுகள். எழுபத்திரண்டில் ராமேஸ்வரத்தில் கரை இறங்கியவருக்கும் மனைவி மூக்கம்மாவுக்கும் முதலில் வாய்த்தது பெரும்பாறையில் காப்பித் தோட்ட வேலை. ஆறு வருஷம் அட்டைக் கடியோடும் முழங்கால் வலியோடும் போயிற்று. அங்கே எல்லோருக்கும் அவர் 'சிலோன்காரன்'. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பிறகு ஒரு நாள் கொடைக்கானலுக்கு மிளகு லாரியில் வந்தபோது, ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் பச்சைப் பாயசமாகக் கிடந்த மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு, "நான் வேணா சரி பண்ணித் தாரேங்க" என்றார். இலங்கையில் துரை பங்களாத் தொட்டியைப் பத்து வருஷம் பார்த்த கை. ஒரு வாரத்தில் தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது.

அன்றிலிருந்து அவர் தொட்டிக்காரர். மார்க்கெட்டில் கேரட் விற்கிறவர்கூட "தொட்டிக்காரரே, எங்க வெள்ளனேயே கெளம்பிட்டீக?" என்று கேட்கிறார். அந்த விளி காதில் விழும்போதெல்லாம் சோலைமுத்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். வேலையைவிட அவருக்குப் பெரிது அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயரையே பணயம் வைத்தார் என்றால், அதற்குக் காரணம் கணக்கு வாத்தியார் சுவாமிநாதன்.

சுவாமிநாதன் விடை சரியாக இருந்தாலும் கடைசியில் 'மீட்டர்' என்று எழுத மறந்த மாணவனுக்கு அரை மதிப்பெண் வெட்டுகிற ரகம். அவர் வீட்டு ஹாலில் மூன்றடித் தொட்டி, அதில் பன்னிரண்டு தங்கமீன்கள். கொடைக்கானல் குளிருக்குத் தாங்குவது அவைதான். மனைவி விசாலாட்சி பழனியில் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பத்துப் பெண். குழந்தைகள் இல்லாத வீட்டில் அந்தப் பன்னிரண்டும் பெயரோடு வளர்ந்தன. வால் கிழிந்த ஒரு கிழ மீன் மட்டும் விசாலாட்சியின் குரல் கேட்டால் மேலே வரும்.

மீன் வளர்ப்பு பற்றி வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் படித்தது முதல் வாத்தியாருக்கு வேறு பேச்சில்லை. ஃபில்டருக்குள் ஆக்டிவேட்டட் கார்பன் போட வேண்டும், மாதாமாதம் மாற்ற வேண்டும். மதராஸுக்கு எழுதி ஆறு பாக்கெட் வரவழைத்துவிட்டார். பொங்கலுக்கு மறுநாள் அதில் ஒன்றை சோலைமுத்துவின் கையில் கொடுத்தார். சோலைமுத்து உருட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நல்ல கரிதாங்க. ஆனா இந்தத் தொட்டிக்கு வேணாம்."

"கார்பன் இல்லாத ஃபில்டர் ஃபில்டரே இல்ல, சோலைமுத்து. புக்ல தெளிவா போட்டிருக்கான்."

"போட்டிருக்கட்டும் சார். தண்ணி நாறுனா கரி வேணும். சாயம் எறங்குனா வேணும். சீக்குக்கு மருந்து விட்டு, தேறுன பொறகு மிச்ச மருந்த எடுக்க வேணும். இதுல ஒண்ணும் இல்லாத தொட்டியில அதுக்கு என்ன சோலி? ஃபில்டர் பஞ்சுல ஒரு வழவழப்புப் பிடிக்கும் பாருங்க, அழுக்கத் திங்கிற அதுதான் நமக்கு வேலைக்காரன். வாராவாரம் கால்வாசித் தண்ணிய மாத்துங்க, போதும்."

"அப்ப புக் எழுதுனவன் முட்டாளா?"

"அவுகளுக்கு அவுக ஊருத் தண்ணிங்க. போன வருசம் ஒரு ஹோட்டல்ல என்ன பண்ணுனாங்க தெரியுமா? கரியையும் உள்ளயே விட்டுட்டு நீல மருந்தையும் ஊத்துனாங்க. மருந்தெல்லாம் கரி குடிச்சிருச்சு. மீனு அப்பிடியே கெடந்துச்சு."

வாத்தியார் விடவில்லை. கரி இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். சோலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. தன் கைமேல் சந்தேகம் என்றால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

"அடுத்த பொங்கல் வரைக்கும் ஓட்டுறேன். இந்தத் தொட்டியில ஒரு தல கொறஞ்சாலும் பதினாலு தொட்டியையும் விட்டுட்டுப் பெரும்பாறைக்கே காப்பி பறிக்கப் போயிர்றேன் சார்."

"மீனுக்காகப் போயி யாராச்சும் சத்தியம் பண்ணுவாகளாண்ணே?" என்று விசாலாட்சி பதறினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

ஒன்பது மாதம் தொட்டி பளிங்காக நின்றது. வாத்தியார் அலமாரியில் ஆறு பாக்கெட்டிலும் தூசி படிந்தது. ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் நினைத்தபோது போயிற்று. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் கீழே முக்காலியில் இருந்ததால், அது நிற்கும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக இறங்கி மோட்டாருக்குள் போகப் பார்த்தது. ஒரு புதன்கிழமை சோலைமுத்து மோட்டாரைத் தூக்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவர்ப் பலகையில் வைத்தார். "இனி எத்தன வாட்டி கரண்டு போனாலும் கவலையில்லங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அது சரியான வேலைதான். பலகையின் மறு கோடியில் விசாலாட்சியின் சாமி படங்கள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் சுவாமிநாதனே குடையோடு அவர் வீட்டு வாசலில் நின்றார். "வெரசா வாங்க சோலைமுத்து."

பன்னிரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. வாத்தியார் கையில் கார்பன் பாக்கெட்டும் கத்தரிக்கோலும் இருந்தன. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

சோலைமுத்து மூடியைத் தூக்கி மோந்தார். நெற்றி சுருங்கியது. குமிழி வெடிக்கிற இடத்தில் மூக்கை வைத்தார். பிறகு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே மூக்கால் தடம் பார்த்துச் சுவரேறி, மோட்டாரில் போய் நின்றார். பக்கத்தில் சாம்பல் பூத்த தூபக்கால் இருந்தது.

"தண்ணியில கோயில் வாசம் அடிக்குதுங்க" என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. மழைக்கும் குளிருக்கும் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து வைத்து, விசாலாட்சி பழனிச் சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டுப் படத்தருகே வைத்திருக்கிறார். மோட்டார் அந்தப் புகையை மணிக்கணக்கில் உறிஞ்சித் தொட்டிக்குள் ஊதியிருக்கிறது.

"அய்யோ முருகா! நானா கொன்னேன்?" என்று விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் சோலைமுத்து சும்மா இருந்திருந்தால் போதும். பழி சாம்பிராணிமேல் போயிருக்கும், சத்தியமும் தப்பித்திருக்கும். அவருக்கு அது தோன்றவே இல்லை.

"நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க? எப்பவும் வைக்கிற எடத்துலதான் வச்சீங்க. மிசின இங்க தூக்கி வச்சவன் நானு. தப்பு என்னுது."

சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டுச் சாக்குத் துணியைப் பிரித்து, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார். உள்ளே கழுத்து வரை கரி. மிளகுபோல் உடைத்த, பளபளவென்ற சிரட்டைக் கரி.

வாத்தியார் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கரியே வேணாம்னவர் நீங்க!"

"மருந்து வீட்டுல இருக்கணுங்க சார். அதுக்காகத் தெனமும் சோத்துல போட்டா பெசையிறோம்? இது பத்தாது, உங்க பாக்கெட்டையும் வெட்டுங்க. இன்னிக்கு ரெண்டும் வேணும்."

இரண்டு கரியையும் குவளையில் அலசிக் கருந்தூள் போக்கி, பனியன் துணியில் முடிந்து ஃபில்டருக்குள் இறக்கினார். முந்தின நாள் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து பாதித் தொட்டியை மாற்றினார். மோட்டார் ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. மற்ற எந்தத் தொட்டிக்கும் அன்று போகவில்லை. விசாலாட்சி வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. மத்தியானம் ஐந்து மீன் கீழே இறங்கின, பொழுது சாய்வதற்குள் பதினொன்று இறங்கிவிட்டன. கிழிந்த வால் மட்டும் மூலையில் ஒருக்களித்துச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வாசலுக்குப் போனார் சோலைமுத்து.

திங்கட்கிழமை கரியை வெளியே எடுக்க வந்தார். சோலி முடிந்த கரிக்குத் தொட்டியில் இடமில்லை என்பது அவர் சட்டம். மூடியைத் தூக்கினார். மண் வாசம். விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். கல்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் எண்ணினார்.

கழுத்தில் கிடந்த ரப்பர் குழாயை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார். பையையும் பக்கத்தில் வைத்தார்.

"பதினொண்ணுதாங்க சார் இருக்கு. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்."

சுவாமிநாதன் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு மீனாகக் காட்டி நிதானமாக எண்ணினார்.

"பன்னெண்டு" என்றார்.

"சார்…"

"இந்த வீட்ல கணக்கு வாத்தியார் நானா, நீங்களா? பன்னெண்டு இருக்கு."

அடுக்களை வாசலில் நின்ற விசாலாட்சி தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. அழுது வீங்கிய முகம். "பன்னெண்டுதாண்ணே. காலையில நானும் எண்ணுனேன்" என்றார்.

அரை மதிப்பெண் விட்டுக்கொடுக்காத மனிதர், கரும்பலகையில் தேற்றம் எழுதுகிற அதே உறுதியோடு அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போய் விடைத்தாள்களில் தலையைப் புதைத்துக்கொண்டார். சோலைமுத்து குழாயை எடுத்துத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஃபில்டரிலிருந்த கரி முடிச்சைப் பிழிந்து வெளியே எடுத்தார்.

தீனி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் எண்ணினார். இருபத்துநாலு உருண்டை. இருபத்திரண்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல் படியோரம் தகர டின்னில் ரோஜாச் செடி. அதன் அடியில் மண் புதிதாகக் கிளறி மூடப்பட்டிருந்தது. மேலே ஒரு சிட்டிகை திருநீறு, தூறலில் கரையாமல் கொஞ்சம் மிச்சம். சோலைமுத்து வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். விரலால் ஓரமாக ஒரு குழி பறித்து, கையிலிருந்த இரண்டு உருண்டையையும் உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்.